அரை வரி வீட்டு ஜெனிட்டா

ஜெனிட்டாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அவள் தோற்க வேண்டும் என்று ஊர் பார்க்க எதிர்ப்பக்கம் போய் நின்றவன் நான். ஆனாலும் எங்கள் கிளப்பின் செயலாளர் நான்தான். நடந்ததைக் கூட்டியும் குறைத்தும் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நானே எழுதிவிடுவது மேல்.

என் பெயர் ஏசுபாதம், வயது முப்பத்தாறு. எனக்கு ஏழு வயது மூத்தவள் அக்கா சங்கரி. அவள் பிறந்தபோது அப்பா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் பிறப்பதற்குள் சர்ச்சுக்கு மாறிவிட்டார், அதனால் எங்கள் பெயர்கள் இப்படி. நான் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக காண்ட்ராக்ட் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவெள்ளி கால்பந்து கழகத்தின் கோல்கீப்பர். இரண்டில் எது என் உண்மையான வேலை என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். சம்பளம் கொடுப்பது மட்டும் முதலாவது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டில் இறங்கி, கால் மணி நேரம் உள்ளே நடந்தால் எங்கள் காலனி வரும். தாத்தா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி. இன்றைக்குக் கம்பெனி, கல்பாக்கம், மாமல்லபுரத்து ஹோட்டல் என்று வேலைகள் மாறிவிட்டன. நிலம் மட்டும் வரவில்லை. காலனியின் பெயரில் பட்டா உள்ள ஒரே இடம் எங்கள் மைதானம், ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். தொண்ணூற்று நான்கில் வீட்டுக்கு வீடு ஒரு வாரக் கூலியைப் போட்டு வாங்கியது. வாங்கும்போது அது பெரிய பள்ளம். அதை மண் சுமந்து மேடாக்கினார்கள், ஆண் பெண் குழந்தை எல்லோரும். எங்கள் கல்யாணமும் சாவும் கோழிச்சண்டையும் நடப்பது அங்கேதான்.

கிளப்புக்கு மாதாமாதம் வரி உண்டு. ஆண் தலைவனாக இருக்கும் வீடு முழு வரி வீடு, இருநூறு ரூபாய். புருஷன் செத்துப்போன வீடு அரை வரி வீடு, நூறு ரூபாய். இரக்கப்பட்டு வைத்த ஏற்பாடு என்பார்கள். இரக்கத்தோடு ஒரு சின்ன விஷயத்தையும் சேர்த்து வைத்தார்கள்: அரை வரி வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சு கிடையாது. கூட்டம் மைதானத்தில்தான் நடக்கும். முழு வரிக்காரர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, அரை வரிப் பெண்கள் வெளியே. அறுபத்தைந்து முழு வீடு, பதினோரு அரை வீடு. அந்தப் பதினொன்றில் ஒன்று என் அக்காவின் வீடு. இன்னொன்று ஜெனிட்டாவின் வீடு.

ஜெனிட்டாவின் அப்பா பெஞ்சமின் எங்கள் லெஃப்ட் பேக். அவள் எட்டாவது படிக்கும்போது லாரி மோதி இறந்தார். அம்மா பொன்னி கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் சமைத்து அவளை பி.காம். படிக்க வைத்தாள். மைதானத்துக்குக் கோடு போடுவது பெஞ்சமினின் வேலையாக இருந்தது. அவர் போன மறு ஞாயிறு கோடு இல்லாமல் நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பெண் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தானே போட்டாள். அன்றையிலிருந்து பதினைந்து வருஷம், ஒரு ஞாயிறு தவறியதில்லை. தான் போட்ட கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டியவளும் அவளேதான். எங்களில் ஒருத்தனுக்கும் அது உறைத்ததில்லை, எனக்கும்தான்.

இப்போது அவளுக்கு இருபத்தொன்பது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு ஆபீஸில் வேலை. இங்கிலாந்து நேரத்துக்கு ஆபீஸ் என்பதால் மதியம் கேப் வரும். அங்கே அவள் செய்வது என்ன தெரியுமா? இங்கிலாந்தில் மூன்றாம் நிலை லீகில் ஆடும் ஹார்ல்ஸ்வொர்த் டவுன் என்ற கிளப்பின் ரசிகர்கள் அனுப்பும் மெயில்களுக்குப் பதில் போடுவது. டிக்கெட் வரவில்லை, சீட் மாற்ற வேண்டும், பேரனுக்குச் சட்டை பெரிதாக இருக்கிறது, இப்படி. முதலில் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். இங்கே எங்கள் பந்துக்குப் பஞ்சர் போட வழியில்லை, இவள் வெள்ளைக்காரன் பந்துக்குப் பதில் எழுதுகிறாள்.

மூன்று வருஷத்தில் அந்தக் கிளப் மூழ்கியதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். நூற்றுப் பத்து வருஷத்துக் கிளப். பணக்காரன் ஒருவன் வந்து வாங்கினான். பெரிய ஆட்டக்காரர்கள், புது லைட், மேல் லீக் என்று வாக்குக் கொடுத்தான். முதல் வேலையாக மைதானத்தைக் கிளப்பிலிருந்து பிரித்துத் தன் இன்னொரு கம்பெனி பெயருக்கு மாற்றினான். அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான். இரண்டாவது வருஷம் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. கிளப் திவால். லீக் விதிப்படி பன்னிரண்டு புள்ளிகளைக் கழித்து, கீழ் லீகுக்குத் தள்ளினார்கள். தப்புச் செய்தவன் முதலாளி, தண்டனை ஆடினவனுக்கும் பார்த்தவனுக்கும்.

டோரத்தி என்று ஒரு கிழவி, பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், வாராவாரம் மெயில் எழுதுவாளாம். “நாற்பத்தொரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அதை விற்க அவன் யார்?” என்று கேட்டிருந்தாள். அதற்கு ஜெனிட்டா அனுப்ப வேண்டிய பதில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது: உங்கள் கருத்துக்கு நன்றி. அதை அனுப்பிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன் என்று என்னிடம் பிறகு சொன்னாள்.

கடைசியில் அந்த ஊர் ரசிகர்கள் சங்கம் சேர்த்து கிளப்பை வாங்கினார்கள். ஐந்து பவுண்டு போட்டவனுக்கும் ஐயாயிரம் போட்டவனுக்கும் தலைக்கு ஒரே ஓட்டு. இப்படிப்பட்ட கதைகள் அந்த நாட்டில் ஒன்றிரண்டு இல்லையாம், அதனால் மைதானத்தை விற்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்று இப்போது சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்றுதான் நாங்கள் இருந்தோம், போன ஆடி மாதம் காசிநாதன் வெள்ளைக் காரில் வந்து இறங்கும்வரை.

காசிநாதனுக்கு மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட், ரோடு நெடுக மனை வியாபாரம். நல்ல பேச்சுக்காரர். இருபது புது ஜெர்சி கொண்டுவந்தார், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காதது. கிளப்பை நான் எடுத்து நடத்துகிறேன் என்றார். மாவட்ட லீகுக்கு நுழைவுக் கட்டணம், ராத்திரி ஆட லைட், ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம். கீப்பருக்கு ஒன்பதாயிரம்.

ஒன்பதாயிரம். அக்காவின் மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள், ஃபீஸில் பாதி நான் கட்டுகிறேன், மீதிக்கு அக்கா மாமல்லபுரத்து ஹோட்டலில் போர்வை துவைக்கிறாள். அந்தத் தொகை காதில் விழுந்ததும் நான் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

எங்கள் தலைவர் தேவசகாயம், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கெட்டவர் இல்லை. போன வருஷம் நுழைவுக் கட்டணம் கட்ட முடியாமல் லீகிலிருந்து வெளியே வந்தது அவருக்கு அவமானம். காசிநாதன் கொடுத்த ஒப்பந்தத்தைக் கூட்டத்தில் பெருமையாக உயர்த்திக் காட்டினார். கோட்டுக்கு வெளியே இருந்து ஒரு கை நீண்டது.

“பெரியப்பா, அத்த கொஞ்சம் குடுங்க, பட்ச்சிட்டுத் தரேன்.”

ஜெனிட்டா ஆறு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்.

“நாலாம் பக்கத்துல கீது பாருங்க. மைதானம் பராமரிப்புக்காக இவரோட இன்னொரு கம்பெனி பேருக்கு மாறுது. தேவப்பட்டா கிளப் வேற எடத்துல ஆடணும்னு போட்டுகீது. கிளப்பு ஒரு கை, மைதானம் ஒரு கை. இதே மாரி தாங்க அங்க பண்ணாங்க.”

“எங்கம்மா?” என்றார் காசிநாதன், அன்பாக.

“இங்கிலாந்துல.”

எல்லோரும் சிரித்தோம். தேவசகாயம் கையை உயர்த்தினார். “ஜெனிட்டா, உங்க வூடு அரை வரி வூடு. கூட்டத்துல பேச முடியாது. தெரியுமில்ல?”

“தெரியும் பெரியப்பா. மாசாமாசம் அரை வரி வாங்கிகினுதான கீறீங்க? அப்போ அரை ஓட்டு குடுங்க.”

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை அதிகம் சிரித்தவன் நான். “அரை ஓட்டுக்கு இன்னாம்மா பண்ணுவ, முழங்கை வரிக்கும் தூக்குவியா?” என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காசிநாதனும் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடுத்துடுங்க தலைவரே, லேடீஸ் ஆசையா கேக்கறாங்க. பதினோரு அரை, அஞ்சர ஓட்டு. இன்னா ஆயிடப் போவுது?” என்றார். அந்த நேரத்தில் அவர் பக்கம் ஐம்பது வீடு இருந்தது. அவருக்குத் தாராளமாக இருக்க வசதி இருந்தது.

“எழுதிக்குங்கண்ணா,” என்றாள் ஜெனிட்டா என்னிடம். அவள் சிரிக்கவில்லை. நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: அரை வரி வீட்டுக்கு அரை ஓட்டு. வந்திருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் என்ற முறையில் காசிநாதனும் போட்டார். ஓட்டெடுப்பு மூன்று வாரம் கழித்து என்று முடிவானது.

அந்த மூன்று வாரமும் ஜெனிட்டா காலை ஆறு மணிக்குக் கிளம்புவாள். கேப் வருகிற வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்குவாள். ஆபீஸ் மெயிலைக் காட்டினால் வேலை போய்விடும், அதனால் வாயால்தான் சொல்ல வேண்டும். டோரத்தி கிழவியின் நாற்காலிக் கதையைச் சொல்வாள், ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைச் சொல்வாள். சில வீட்டில் டீ கொடுத்தார்கள், சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். காசிநாதனின் ஆட்கள் அவள் ஆபீஸில் ஒருத்தனைக் காதலிப்பதாகக் கிளப்பிவிட்டார்கள். கேட்டு வந்த பொன்னி அழுதபோது ஜெனிட்டா, “நல்லவனா இருந்தா சொல்ல சொல்லும்மா, பாக்கறேன்,” என்றாளாம். மூன்று வாரத்தில் பதினைந்து வீடுகள் திரும்பின.

என் வீட்டுக்கும் வந்தாள். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“ஒன்பதாயிரம் நீ குடுப்பியா?” என்று எடுத்ததுமே கேட்டேன்.

“மாட்டேன்ணா. எங்கிட்ட ஏது?”

“அப்போ ஏன் என் பொழப்புல மண்ணப் போட்ற?”

“ஒனக்கு முப்பத்தாறு ஆவுது. இன்னும் எத்தினி வருசம் கீப்பரா நிப்ப? ரெண்டு? மூணு? அப்பால ஒன்பதாயிரமும் கெடையாது, மைதானமும் கெடையாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கேரியரை எடுக்காமலே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினேன். அவள் சொன்னது பொய் என்றால் அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. என் முழங்கால் போன மழைக்காலத்திலிருந்தே வலிக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் போனபின் அவள் பின்பக்கம் அக்கா வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று என் மனைவி சொன்னாள். நான் பொருட்படுத்தவில்லை. அக்கா என் பேச்சைத் தட்டமாட்டாள்.

ஓட்டெடுப்பு அன்று காலையில் மைதானத்துக்குப் போனால் கோட்டைக் காணோம். வாளி ஓரமாக இருந்தது, சுண்ணாம்பு கரைத்தபடியே.

“கோடு எங்கம்மா?” என்றார் தேவசகாயம்.

“இன்னும் போடல பெரியப்பா. கூட்டம் முடியட்டும்.”

எது உள்ளே எது வெளியே என்று தெரியாமல் அன்றைக்குப் பெண்கள் எங்களோடு கலந்து உட்கார்ந்தார்கள். தலைவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் இல்லாத கோட்டைக் காட்டி எப்படி விரட்டுவது?

எங்கள் கிளப்பில் கை தூக்குகிற பழக்கம் இல்லை. சம்மதம் என்றால் ஏரிப்பக்கத்து கோல் போஸ்ட், வேண்டாம் என்றால் ரோட்டுப்பக்கத்து கோல் போஸ்ட், எழுந்து நடந்து போய் நிற்க வேண்டும். யார் எங்கே நின்றான் என்று ஊருக்கே தெரியும், பிறகு மாற்றிப் பேச முடியாது. முதலில் முழு வரி வீடுகள் நடந்தன. நான் ஏரிப்பக்கம் போனேன். பதினெட்டு வருஷம் நான் காத்த போஸ்ட் அது. அதன் கம்பத்தில் சாய்ந்து நின்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை.

எண்ணினார்கள். சம்மதம் முப்பத்தைந்து. வேண்டாம் முப்பது. காசிநாதனின் டிரைவர் காரிலிருந்து லட்டு டப்பாக்களை இறக்கினான்.

“அரை வீடுங்க நடக்கட்டும்,” என்றார் தேவசகாயம், கடனே என்று.

பொன்னி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் வேண்டா என்ற கிழவி, எழுபது வயது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஒவ்வொருத்தியாக. எல்லோரும் ரோட்டுப்பக்கம். யாரோ வாய்விட்டு எண்ணினான். முப்பது, முப்பதரை, முப்பத்தொன்று. சிரிப்புச் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. பத்துப் பெண்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பக்கமும் முப்பத்தைந்து. சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு, தலைவர் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நடு மைதானத்தில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். என் அக்கா.

ஜெனிட்டா அவளைக் கூப்பிடவில்லை. போஸ்ட் பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். கூப்பிட்டது நான். வாயால் இல்லை, கண்ணால். உட்கார், எழுந்திருக்காதே என்றேன். ஃபீஸை நினை என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் அது ஒன்று.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“பன்னண்டு வயசுல இந்த மண்ண நான் தூக்கினேன்டா,” என்றாள். கத்தவில்லை, ஆனால் இரண்டு போஸ்டுக்கும் கேட்டது. “நீ அப்போ இன்னா, அஞ்சு வயசு. கூடை மேல ஒன்னியும் ஒக்கார வெச்சித் தூக்கிகினு வந்தேன்.”

ரோட்டுப்பக்கம் நடந்து போய் ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

தேவசகாயம் தீர்மானப் புத்தகத்தை வாங்கி இரண்டுமுறை படித்தார். எழுதியது என் கையெழுத்து, கீழே எல்லோருடைய கையெழுத்தும். காசிநாதனுடையது பெரிதாகச் சுழித்திருந்தது. “முப்பத்தஞ்சரைக்கு முப்பத்தஞ்சு,” என்றார். “வேணாம்னு முடிவாச்சி.” வேண்டா கிழவி போட்ட குலவைச் சத்தம் ரோடு வரைக்கும் போனது. காசிநாதன் லட்டையும் ஜெர்சியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஜெனிட்டா வாளியை எடுத்து, ஒன்றுமே நடக்காதது போலக் கோடு போட ஆரம்பித்தாள். அன்றைக்கு மட்டும் கோடு வளைந்து வந்தது.

அன்று மாலை பழைய ஜெர்சியில் ஆடி மூன்று கோல் வாங்கினேன்.

ஒரு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பினேன். அடுத்த ஞாயிறு அவளே குண்டானோடு வந்து என் முன்னால் வைத்தாள், கருவாட்டுக் குழம்பு.

“ஓட்டு மைதானத்துக்கு. சோறு ஒனக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத, துன்னு.”

“ஃபீஸுக்கு இன்னாக்கா பண்ணுவ?”

“இன்னும் ரெண்டு ரூமு போர்வை சேத்துத் தொவைப்பேன். நீ குடுக்கறத நிறுத்திடுவியா?”

“அய்ய, இல்லக்கா.”

“அப்போ துன்னு.”

சாப்பிட்டு முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு நூறு ரூபாய் நோட்டை என் எதிரே வைத்தாள். நான் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“ரெண்டும் வரிதான். பதினோரு வூட்லியும் இந்த மாசத்துலருந்து முழுசாத் தரோம். ஜெனிட்டா நேத்து வந்து பேசிட்டா. அடுத்த கூட்டத்துல முழு ஓட்டு கேப்பா, அதுக்குள்ள எழுதி வெச்சிக்க.”

வரிப் புத்தகத்தை எடுத்தேன். அக்காவின் புருஷன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நூற்றுச் சொச்சம் மாதம், அவள் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் ‘அரை’, ‘அரை’ என்று வரிசையாக இறங்கியிருந்தது. எழுதும்போது ஒருமுறைகூட எனக்குக் கூசியதில்லை. அன்றைக்கு ‘முழு’ என்று எழுதத்தான் கை கூசியது, அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.